ஐந்து மணி நேயர்

“காத்தால அஞ்சு மணிக்குக் கேக்கறாருங்க. மறுபடி மத்தியானம் மூணு மணிக்கு. ஒரு நாளும் தவறறதில்லீங்க,” என்று யோகப்பிரியா அலைபேசியை நீட்டினாள்.

பதிப்பாளர் மோகனசுந்தரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவளுடைய பாட்காஸ்டை எத்தனை பேர், எந்த ஊரில், எந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்று காட்டும் பக்கம் அது. ஊர், கொழிஞ்சாம்பாறை. ஆள், ஒன்று.

எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் கூப்பிட்டு இலக்கியம் பேசவைக்கும் பாட்காஸ்ட். மீனாட்சிபுரத்தில் அவள் வீட்டுத் தீவன அறைதான் நிலையம். எதிரொலி வராமலிருக்க மூன்று பக்கமும் புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தாள். இலக்கியத்துக்கு இதைவிட நல்ல சுவர் கிடையாது என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள். அவர்கள் சிரிக்காவிட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவாள். இதுவரை வந்தவர்கள் எல்லாருமே ஆண்கள். எழுதும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் வேலை அதிகம்.

முதல் மாதம் நாற்பது பேர் கேட்டார்கள், அத்தனையும் சொந்தபந்தம். கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியது இந்த ஒருவர்.

இவரை நம்பித்தான் அவளுடைய புத்தகமே இருந்தது. பதினோரு கதைகளை மோகனசுந்தரத்திடம் கொடுத்து ஒரு வருடமாயிற்று. போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் அல்லாத ஒரு ஆள், அவள் பேச்சுக்குக் காத்திருக்கிற ஒரே ஒரு ஆள், தன் கண் முன்னால் வந்து நிற்கட்டும், புத்தகம் போடுகிறேன் என்றார். அப்படி யாரும் இருக்க முடியாது என்கிற தைரியத்தில் சொன்னது.

அன்றைக்கே அவள் மைக் முன்னால் உட்கார்ந்து, ஐந்து மணிக்குக் கேட்கும் கொழிஞ்சாம்பாறை நேயரை ஞாயிறு பத்து மணிக்கு வீட்டுக்கு வரும்படி கூப்பிட்டு, வழியும் தன் எண்ணும் சொன்னாள். ‘வர்றனுங்க. சின்னையன்’ என்று மறுநாளே பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கும். தூக்கம் வராதவர். மத்தியான நேரத்து வெறுமையைத் தாங்க முடியாதவர். அதே பக்கத்தில் ரகசியமாக இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தாள். விருந்தினர் பேசும் இடங்களை அவர் தாண்டிவிடுகிறார், அவள் பேசும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பதிலைவிடக் கேள்விகள் ஆழமானவை என்று கண்டுகொண்ட முதல் மனிதர். இப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுவிட்டு மறுபடியும் நினைத்தாள்.

இன்றைக்குப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த மோகனசுந்தரத்துக்குக் கணவன் ஆனந்தகுமார் காப்பி கொண்டுவந்து வைத்தான். அவள் மைக் வாங்குவதற்காகச் செவலை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவந்தவன் அவன்தான். உதவி செய்யும்போதெல்லாம் ஒரு கேலியும் கூட வரும்.

“முன்னால மாட்டுகிட்டப் பேசிட்டிருந்தா, இப்ப மைக்குகிட்டப் பேசறா,” என்றான் மோகனசுந்தரத்திடம். “மாடாவது தலையாட்டுமுங்க.”

வாசலில் மொபெட் வந்து நின்றது. ஆனந்தகுமார் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் தட்டைக்கூட எடுக்காமல் கொல்லைப்பக்கம் நடையைக் கட்டினான்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் ஒரு தூக்குப்போசி. சின்னையன் என்று பேர் சொல்லி, நம்மூட்டுப் பாலுங்க என்று போசியை அவளிடம் கொடுத்தார். உட்காருங்க என்று அவள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அதே கொரல், என்றார்.

ஆசிரியர் இல்லை. அதனாலென்ன, இலக்கியம் எங்கே எட்டியிருக்கிறது பார் என்று அவளுக்கு மார்பு விம்மியது.

தினமும் கேட்பது நிஜம்தானா என்று மோகனசுந்தரம் விசாரித்தார்.

“ஒரு நாள் கேக்காட்டிப் பொழப்பே ஓடறதில்லீங்க,” என்றார் சின்னையன். “பழசெல்லாம் சலிச்சுப்போச்சாட்டம் இருக்குது. புதுசு வெரசாப் போடச் சொல்லுங்க.”

மோகனசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது வருடத்தில் எந்த எழுத்தாளரைப் பற்றியும் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “தைக்குள்ள போட்டர்லாம் அம்மிணி. அட்டைக்கு நல்ல படமாப் பாருங்க,” என்றார்.

அத்தோடு அவள் எழுந்து உள்ளே போயிருக்கலாம். காப்பி கலந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு பாராட்டை மட்டும் பதிப்பாளர் காதுபடக் கேட்டுவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. குரலைத் தாழ்த்தி, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

“ஏனுங்க, வந்தவங்க பேசற எடத்தையெல்லாம் தாண்டிப் போயிட்டு, நான் பேசறதை மட்டும் கேக்கறீங்களே, ஏனுங்க?”

சின்னையன் கூச்சத்தோடு சிரித்தார்.

“ஆம்பளக் கொரலு கேட்டா உங்கூட்டுச் செவலை பால் எறக்க மாட்டேங்குதுங்க, அம்மிணி.”