உத்தரவும் ஒரு பிடி மிளகாயும்

புவெப்லா நகரச் சந்தையின் தகரக் கூரை ஓட்டைகளில் காலை வெயில் இறங்கி, எட்டெல்வினாவின் மிளகாய்க் குவியல்மேல் வட்டம் வட்டமாய் விழுகிறது. நாள்கணக்கில் புகையில் கிடந்து, சுருட்டுத் துண்டுபோல் வற்றிய சிபோட்லே மிளகாய். பக்கத்தில் கரியடுப்பு, அதன்மேல் மிளகாய் வறுக்கும் மண்கல். எதிரே கஞ்சி போட்ட சட்டையில் நகராட்சி அதிகாரி, கையில் ஒரு தாள். "சந்தைக்குள்ள புகை கூடாதுன்னு உத்தரவும்மா. இதை வாசிச்சதும் அடுப்பு எங்க வண்டிக்குப் போயிரும்." "அப்ப வாசிங்க ஐயா, வாசிக்காம தொடக் கூடாதுல்ல?" முதலில் சொன்ன விலையிலிருந்து இறங்காத வியாபாரியின் முகத்தோடு, ஒரு பிடி மிளகாயைக் கல்லில் போட்டு அழுத்துகிறாள். அவர் "இதனால்" என்கிறார். அடுத்த சொல்லை இருமல் விழுங்கிவிடுகிறது. "சத்தமா ஐயா, எனக்குக் காது மந்தம்!" எதிர்க்கடை ரெஃபூகியோ சிரித்துக்கொண்டே தன் கல்லிலும் ஒரு பிடி போடுகிறாள். அவளுக்கு அடுத்தவளும் போடுகிறாள். வெயில் கோடுகளில் புகை ஏறுகிறது. சந்தையே இருமுகிறது, ஒருத்தியும் நகரவில்லை. "புகையிலேயே பொறந்த மிளகாய் ஐயா. உத்தரவை அதுகிட்ட சொல்லிப் பாருங்க." அதிகாரி பை பையாகக் கைக்குட்டையைத் தேடுகிறார். கடைசியில் கண்ணையும் மூக்கையும் அந்தத் தாளிலேயே துடைத்துக்கொள்கிறார்.