எரிபொருள் எச்சரிக்கை

கம்ப்யூட்டர் கேமில் அருளப்பன் ஓட்டும் விண்கலத்துக்கு எரிபொருள் குறைந்தால் எச்சரிப்பது ஜெசிந்தாவின் குரல். அதிலிருந்த ஆங்கிலக்காரியின் குரலை எடுத்துவிட்டு, மனைவியைப் பேசவைத்து அந்த ஒலிக்கோப்பை உள்ளே மாற்றி வைத்தவன் அவன்தான். நான்கு விநாடிக்கு மேல் போனால் கேம் ஏற்காது. மைக் கிடைத்தபின் அவள் விடுவாளா? "ஏங்க, எரிபொருள் தீரப்போகுது, திரும்பி வந்துருங்க, இல்லேன்னா நான்…" என்பதோடு நறுக்கி, மிச்சத்தை அழித்துவிட்டான். "நான் பேசுறத என்னைக்கு முழுசாக் கேட்டீங்க?" என்று சிரித்தபடி எழுந்து போனாள்.

அந்த மிச்சத்தில் என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் பேசும்போது அவன் திரையில் ஓடிய விநாடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இறந்தபின் அவன் எந்தக் கிரகத்திலும் இறங்குவதில்லை. எரிபொருள் வற்றும்வரை இருட்டுக்குள் ஓட்டிக்கொண்டே போவான். இன்றும் குரல் வந்தது. "…திரும்பி வந்துருங்க, இல்லேன்னா நான்…"

எஞ்சின் அணைந்தது. கலம் சத்தமில்லாமல் மிதந்தது. அவன் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு ஜெசி," என்றான். "நான் குறுக்க பேசல."