சக்கரம் கட்டிய ஞாயிறு

ஞாயிறு மதியம் நியூ ஆர்லியன்ஸ் தெருமுனையில் எங்கள் வாத்தியக் குழுவின் வண்டியும் எதிர்க்குழுத் தலைவன் ரெமியின் வண்டியும் எதிரெதிரே வந்தன. வாசிப்புப் போட்டியில் தோற்பவர்கள் ஓடிவிடாதபடி ஜனங்கள் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஜெயிப்பவர்கள் அன்றிரவு வாசிக்கும் நடனத்துக்குத்தான் ஊரே வரும்!

கார்னெட் என்ற சிறு எக்காளத்தை ஊதும் எங்கள் அல்சீடை வியாழனன்று அடக்கம் செய்திருந்தோம். அவன் இடத்தில் பூட்டிய கார்னெட் பெட்டி இருந்தது. சாவி அவன் சட்டைப்பையோடு கல்லறைக்குள் போய்விட்டது.

“கார்னெட்டே இல்லாம வந்துட்டீங்களாடா?” என்று ரெமி சிரித்தான்.

“முதல்ல ஊது, அப்புறம் சிரி!” என்று நான் டிராம்போனைத் தூக்கினேன்.

மூன்றாவது பாட்டுக்குக் கூட்டம் தொப்பிகளை வீசிக் கூத்தாடியது. ஜெயித்தோம்!

ரெமி எட்டிக் கைகொடுத்தான். “யார்றா அந்தக் கார்னெட்? பின்னிட்டான்!”

கார்னெட்டை ஊதி முடித்தால் எச்சில் நீரை வடிப்போம். பூட்டிய பெட்டியின் மூலையிலிருந்து அது சொட்டிக்கொண்டிருந்தது.