சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்

"இன்னும் எவ்வளவு நேரம்மா சுத்தும் அது?"

பிரிண்ட் கடையில் முதல் ஆளாக நின்றவர் எரிந்து விழுந்தார். கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதற்கு அது ஒன்றுதான் வேலை.

"இதோ வந்துடும் சார்," என்றாள் அக்கா.

"போன தடவையும் இதைத்தான் சொன்னே!"

அவர் தெருமுனையில் புதிதாக வந்திருக்கும் கடைக்குக் கிளம்பினார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று யார் கேட்டாலும் "யோசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு அக்காவின் கடையில் உட்கார்ந்திருக்கிறவன்.

"இப்படியே போனா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நகரு."

"என்னடா பண்ணப் போற?"

"பென்டிரைவ்ல வேற ஆபரேட்டிங் சிஸ்டம் வச்சிருக்கேன். ரொம்ப லேசு. இந்தக் கிழட்டு கம்ப்யூட்டர்லகூடப் பறக்கும்."

"வேணாம் சாமி! சரி பண்றேன்னு ஃபேனைப் பிரிச்சே. அது இன்னும் மூட்டையில கிடக்கு."

"இது சும்மா ஓட்டிப் பார்க்கிறது அக்கா. சொருகினா புதுசு, பிடுங்கினா பழசு. உள்ள ஒண்ணையும் தொடாது. பிடிச்சிருந்தா அப்புறம் நிரந்தரமாப் போட்டுக்கலாம். போட்டா பழசு மொத்தமாப் போயிடும்."

சொருகினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கடைசி ஆளுக்கும் பிரிண்ட் கொடுத்து முடித்திருந்தான்.

"அடப்பாவி! இவ்வளவு நாளா இதை எங்கடா வச்சிருந்தே? நாளைக்கே நிரந்தரமாப் போட்டுடு."

எதிரே ஷட்டர் பாதி இறங்குகிற சத்தம் கேட்டது. மருந்துக்கடைக்காரர் மதிய இடைவேளைக்குக் கிளம்பிவிட்டார். தம்பி முகத்தைச் சுளித்தான்.

அந்த ஆள் தினமும் வருவார். ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுப்பார். 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்று கடைக் கதவில் ஒட்டுகிற அறிவிப்பு. அதை எடுத்துக்கொண்டு அவர் திரும்பிப் போக முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை கடையில் இருக்கிற ஒரே நாற்காலி அவருக்குத்தான். வட்டம் சுற்றும், அவர் பேசுவார். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு பந்தாவா என்று தம்பிக்கு எரிச்சலாக வரும்.

இன்றைக்கு அவர் உட்காருவதற்குள் பிரிண்ட் வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான் சார். புது சிஸ்டம்!" என்றான் தம்பி பெருமையாக.

அவர் நாற்காலியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த காகிதக் கட்டை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள்.

"அப்ப... வரட்டுங்களா?"

"ம்."

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் அவர் வரவில்லை.

வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் போனது. அக்காதான் கடுகடுவென்று இருந்தாள்.

"நிரந்தரமாப் போட்டியா இல்லையா? போட்டுத் தொலை. ஒரு வேலை சொன்னா உருப்படியாச் செய்யறியா நீ?"

இவள் சத்தத்தில் அவனுக்குத் தலைவலியே வந்துவிட்டது. மாத்திரை வாங்க எதிர்க்கடைக்குப் போனான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பிரிண்டர். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறுவிறுவென்று பில்லைத் துப்பியது.

"சார், உங்ககிட்டயே பிரிண்டர் இருக்கே?"

மருந்துக்கடைக்காரர் திருட்டு முழி முழித்தார்.

"அது... பில்லுக்கு மட்டும் தம்பி."

"மேல 'கலர்'னு போட்டிருக்கே?"

அவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. அவரோ தனிக்கட்டை. இவளோ கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள். அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும்தான் அவள் சிரித்துப் பார்த்திருக்கிறான்.

"கம்ப்யூட்டர் மறுபடி படுத்துடுச்சு சார்," என்றான். "மதியத்துல ரொம்ப மோசம். வந்தா உட்கார்ந்துதான் ஆகணும்."

"அடடா! பாவம்," என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய.

அன்றிலிருந்து காலையில் பென்டிரைவைச் சொருகுவான். கூட்டம் மளமளவென்று கரையும். எதிர்க்கடை ஷட்டர் இறங்குவதற்கு முன்னால், அக்கா பார்க்காதபோது பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வான். வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நாற்காலி நிறையும்.

ஒருநாள் காகிதக் கட்டு வாங்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டது. தெருவுக்குள் நுழையும்போதே ஷட்டர் சத்தம். ஐயோ, பென்டிரைவ் சொருகியபடியே இருக்கிறதே! கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

கடைக்குள் வட்டம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து என்னவோ சொல்ல, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் போன பிறகு அக்கா முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டாள்.

"ஏண்டா, இன்னும் நிரந்தரமாப் போடலையா நீ?"

"இல்லக்கா."

"சோம்பேறி. நாளைக்காவது போட்டுடு," என்றபடி, உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்த பென்டிரைவை அவனிடம் நீட்டினாள்.

தினமும்தான் சொல்கிறாள். அவன் போடுவதாக இல்லை.