கிராட்டனில் ஏழு மதுக்கடைகள்

"ஓபர்பாக் போதும் லியோ. பனிச்சறுக்குச் சரிவும் சாது, ஊரும் ஒன்பது மணிக்கே அடங்கிடும்," என்றாள் நோட்புர்கா.

"அடிப் போடி! கிராட்டன்ல மலை நடுவுல ஏழு மதுக்கடை. சாயங்காலம் பூட்ஸோட மேசை மேல ஏறி ஆடுவாங்க. அப்புறம் அந்தப் போதையிலேயே செங்குத்தா சறுக்கித்தான் ஊருக்கு இறங்கணும். வேற வழியே கிடையாது!" அவனுக்கு வாயெல்லாம் பல்.

"வருஷத்துக்குப் பத்துப் பேராவது காலை ஒடிச்சுக்கிறாங்க."

"பத்தா? இருநூறு!"

கட்டிய கணவனின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் திரும்பிக்கொண்டாள். "அங்க நான் வரமாட்டேன்."

காதில் வாங்காமல் அவன் தரகருக்குப் போன் போட்டான். "கிராட்டன்லயே முடிச்சிடுங்க. சரிவு முடியற இடமா, ஆம்புலன்ஸ் நுழையற மாதிரி வாசலோட பாருங்க. ஆமா, எலும்பு ஆஸ்பத்திரி தொடங்கத்தான். டாக்டருக்கு எங்க அலையணும்? இதோ, என் பொண்டாட்டி இருக்காளே!"