மஞ்சள் சொட்டு

"கண்ணுக்குள்ள லென்ஸ் வெச்சிருக்கிறவங்க இப்பவே கழட்டிருங்க," என்றாள் நர்ஸ் கெம்பம்மா.

வரிசையில் நின்ற பெண்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"மை வெப்பாங்க, தெரியும். அது என்னாக்கா லென்ஸு?" என்று ருக்மணியின் தோளை இடித்தாள் பின்னால் நின்ற ரோஷன் பீ.

ருக்மணியும் சிரித்தாள். மற்றவர்களைவிடச் சத்தமாகவே.

ஓசூரில் புதிதாகத் திறந்த கம்பெனி; வேலைக்கு ஆளெடுக்கத்தான் இந்தக் கண் பரிசோதனை. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை உருப்பெருக்கியில் பார்த்து ஒட்டுகிற வேலை. கண்ணாடி போட்டவர்களை எடுக்க மாட்டார்களாம்.

யார் போட்ட சட்டமோ! பி.எஸ்ஸி. முடித்துவிட்டு சிங்காரப்பேட்டையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருப்பவளிடம் சட்டம் பேசுகிறார்கள்.

அதனால்தான் சோடாபுட்டிக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெங்களூரில் வாங்கிய மெத்தென்ற லென்ஸ்களைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை ஒப்பித்தாயிற்று. கண் அழுத்தம் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

வாசலில் பொத்தென்று ஒரு சத்தம்.

கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் படி தட்டி விழுந்திருந்தார். வாட்ச்மேன் அவரைத் தூக்கி நிறுத்தி, "இங்கெல்லாம் வரக்கூடாது பெரியவரே," என்று புங்கமரத்தடிக்கு இழுத்துப்போனான்.

"கண்ணு தெரியாதுபோல. பாவம், யார்கூட வந்தாரோ?" என்றாள் ரோஷன் பீ.

"எனக்கென்ன தெரியும்?"

வெடுக்கென்று சொல்லிவிட்டு ருக்மணி உள்ளே போனாள்.

முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு. அப்புறம் மஞ்சள் சொட்டு.

"சும்னிரு, ஆடாதே," என்று தலையைப் பிடித்துக்கொண்டாள் கெம்பம்மா.

நீல விளக்கைக் கண்ணருகே கொண்டுவந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"லென்ஸ் போட்டிருக்கியாம்மா?"

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணி சாயத்தைக் குடிப்பதுபோல லென்ஸ் மஞ்சளைக் குடித்திருந்தது. இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கல்யாண வீட்டு அட்சதைபோல இருந்தது.

கூசிப்போனாள். கெம்பம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டதுதான் இன்னும் கூசியது.

"லென்ஸுக்கு மேல வெச்சுப் பாத்தா அழுத்தம் தப்பா காட்டும். அதுக்குத்தான் கழட்டச் சொல்றது," என்றபடி கண்ணைக் கழுவிவிட்டு மறுபடி அளந்தார். இன்னொரு முறையும் அளந்தார்.

"லென்ஸ் போட்டா உனக்கு நல்லாத்தான் தெரியுது. அத நான் கம்பெனில சொல்லிப் பாக்கறேன். ஆனா உன் வயசுக்கு அழுத்தம் ஜாஸ்தியா இருக்கும்மா. வீட்ல யாருக்காவது இதுல பார்வை போயிருக்கா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இருந்தா, இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கணும்."

வேலை இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்று மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல சார்."

பட்டம் வாங்கியவள். பொய்யைக்கூடத் தெளிவாகச் சொன்னாள்.

மரப்பு போகும்வரை லென்ஸைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

வெளியே உலகமே கரைந்து கிடந்தது. வரிசை ஒரு வண்ணக் கறை. புங்கமரம் ஒரு பச்சைப் பொதி. அதனடியில் வெள்ளை வெள்ளையாகச் சில திட்டுகள். ஆட்களா, சிமெண்டு மூட்டைகளா?

காலையில் பஸ் ஸ்டாண்டில், "நீ இங்கியே உக்காந்திரு, அங்கெல்லாம் வராத," என்று கறாராகச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே!

முதுகுக்குப் பின்னால் டாக்டர் அறை ஜன்னல் திறந்தே இருந்தது. ரோஷன் பீ எங்கேயோ பக்கத்தில்தான் நின்றிருப்பாள்.

எந்தத் திட்டு என்று தெரியவில்லை. கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

"அப்பா."

அவளுக்கே கேட்கவில்லை.

"அப்பா!"

வரிசையில் பேச்சு அடங்கியது.

மரத்தடியில் ஒரு வெள்ளைத் திட்டு எழுந்தது. தடி தட்டும் சத்தம் நேராக அவளை நோக்கி வந்து, இரண்டடி தள்ளி நின்றது.

"அங்கியே நில்லு கண்ணு," என்று கை நீட்டினார் அவர். "கீழ ஒரு படி இருக்குது. பாத்து எறங்கு."