கை காட்டினாலும் நிற்காது

பஸ் இன்றைக்கும் நிற்கவில்லை.

வாய்க்கால் பாலத்துக்குச் சற்று முன்னால் அந்தப் பெண் கையை நீட்டினாள். டிரைவர் நஞ்சுண்டன் அவளைப் பார்த்தார். இரண்டு முறை ஹாரன் அடித்தார். வேகத்தைக் கூட்டினார்.

"ஏப்பா, நிறுத்து. அந்தப் பொண்ணு நிக்குது பாரு" என்றார் முன் சீட்டிலிருந்த வெங்கடபதி.

பெண் பின்னால் சிறிதாகிக்கொண்டே போனாள்.

ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி போகும் காலை பஸ். வெங்கடபதி ஒரு வாரமாகத்தான் இதில் வருகிறார். வெள்ளை ஷூ, தோளில் துண்டு. வந்த நாளிலிருந்து இதையேதான் பார்க்கிறார். அதே இடம், அதே பெண், அதே கை.

"பாதி சீட்டு காலியா ஓடுது. ஒரு ஆளை ஏத்துனா டயர் தேஞ்சு போயிருமா?"

நஞ்சுண்டன் கியரை மாற்றினார்.

சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் பாப்பாயி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "ஏனப்பா, உன்ற ஊட்டுப் புள்ளையா இருந்தா இப்படி உட்டுப்போட்டுப் போவியா?"

"போவேனுங்க்கா."

பஸ் கொதித்தது.

"பாத்தீங்களா, வாயை?"

"ஓனர்கிட்ட சொல்லோணும் இதை."

கண்டக்டர் ஆரிஃப் சமாதானம் செய்யப் பார்த்தார். "உடுங்க ஐயா. அது அவங்க ரெண்டு பேர் சமாச்சாரம்."

"ரெண்டு பேர் சமாச்சாரமா?" பாப்பாயி கீரைக்கூடையை நகர்த்திவிட்டு முன் சீட்டுக்கே வந்துவிட்டாள். "அப்படிப் போகுதா கதை?"

ஆரிஃப் டிக்கெட் கொடுக்கப் பின்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் வெங்கடபதி தயாராக வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். கையில் செல்போன்.

"இன்னைக்கு நீ நிறுத்தலைன்னா வீடியோ எடுத்து எங்க குரூப்புல போட்டுருவேன். அப்பறம் உன்ற வேலைக்கு நான் பொறுப்பில்லை."

"ஐயா, வேண்டாமுங்க. சொன்னாக் கேளுங்க."

"என்ன வேண்டாம்? பயமா?"

வாய்க்கால் பாலம் தெரிந்தது. கை நீண்டது.

"நிறுத்து" என்று முதலில் கத்தியது வெங்கடபதிதான். பிறகு யார் கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. பாப்பாயி பஸ்ஸின் தகரத்தை இரண்டு கையாலும் அறைந்தாள். ஆரிஃபின் விசிலை யாரோ பிடுங்கி நீளமாக ஊதினார்கள்.

பஸ் குலுங்கி நின்றது. உள்ளே கைதட்டல்.

பெண் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. வெங்கடபதி படியில் இறங்கிக் கை நீட்டினார். "ஏறு அம்மணி. இனி தினமும் நிக்கும். நானாச்சு."

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போனாள்.

"ஏனுங்கண்ணா, எதுக்கு நிறுத்துனீங்க?"

கைதட்டல் நின்றுவிட்டது.

"நான் என்ன பண்ணட்டும், லோகப்பிரியா? பஸ்ஸே சேந்து கத்துது."

"நான் கை காட்டுனாலும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா? அழுதாக்கூட நிறுத்தாதீங்கன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னே."

வெங்கடபதிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பறம் எதுக்கு அம்மணி கை காட்டறே?"

"நான் காட்டலீங்க. இது காட்டுது." அவள் தன் வலது கையை இன்னொருவருடையதைப் போலப் பார்த்தாள். "வனக்காவலர் வேலைக்கு எழுதியிருக்கறேனுங்க. எழுத்துப் பரீட்சை பாஸ். ஞாயித்துக்கிழமை நடைப் பரீட்சை. பதினாறு கிலோமீட்டர், நாலு மணி நேரத்துல நடக்கோணும். போன தடவை முக்கால்வாசி தூரம் போயி, ஒரு மரத்து நிழலைப் பாத்ததும் உக்காந்துபோட்டேன். அதோட சரி."

பாப்பாயி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினாள்.

"ஜவுளிக்கடையில வேலை. ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் நடந்தே போறேனுங்க. இந்தப் பாலத்துக்கிட்ட வாரப்பத்தான் காலு கெஞ்சும். சரியா அப்பப் பார்த்துப் பின்னாடி பஸ் சத்தம் கேக்கும். கை தானா எந்திரிச்சிரும். அதுக்குத்தான் அண்ணன்கிட்ட சொல்லி வெச்சேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் பாப்பாயி.

"போன தடவை ஊரு பூராச் சொல்லிப்போட்டுத்தான் தோத்தேனுங்க்கா."



வெங்கடபதி தொண்டையைச் செருமினார். "எனக்கு எப்படித் தெரியும், கண்ணு? நல்லது பண்றேன்னு நெனச்சேன்."

"தெரியுமுங்க. இன்னைக்குத்தானே, பரவாயில்லைங்க." லோகப்பிரியாவின் கோபம் தணிந்திருந்தது. அவருடைய ஷூவை அப்போதுதான் கவனித்தாள். பளபளவென்று புதுசு. "நீங்களும் எங்கியோ வெள்ளெனக் கெளம்பிட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

வெங்கடபதி ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

ஆரிஃப்தான் சொன்னார். "ஐயா பொள்ளாச்சி கிரவுண்டுக்குப் போறாருங்க. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காராம்."

முதலில் சிரித்தது பாப்பாயி. அடக்க முடியாமல் கீரைக்கூடைமேலேயே சாய்ந்துவிட்டாள்.

வெங்கடபதி செல்போனைப் பையில் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். படியிலிருந்து ரோட்டில் இறங்கினார்.

"நீ போப்பா, நஞ்சுண்டா. நான் நடந்தே வாரேன்."

பஸ் கிளம்பியது. ஏழெட்டுத் தென்னை தாண்டியிருக்காது, நஞ்சுண்டன் கண்ணாடியைப் பார்த்தார். லோகப்பிரியா இரண்டு கைகளையும் வீசி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெங்கடபதியின் வலது கை மேலே எழுந்திருந்தது.

நஞ்சுண்டன் இரண்டு முறை ஹாரன் அடித்தார். வேகத்தைக் கூட்டினார்.